அழகர்மலைக்கு வழி சொன்னவர்கள்

மதுரைக்கு வடக்கே சற்றேறக்குறைய 21 கிலோமீட்டர் தொலைவில், உட்கோட்டையும் வெளிக்கோட்டையும் சூழ மலையடிவாரத்தில் எழுந்தருளியிருக்கும் கள்ளழகரைச் சேவிக்க முதன்முறையாக வரும் யாத்திரிகர், தொலைவிலிருந்தே கண்ணில் படும் இராஜகோபுரத்தை இலக்காகக் கொண்டு நடந்து சென்று, அதன் கதவுகள் அடைபட்டிருக்கக் கண்டு திகைப்பது இயல்பு. அந்தக் கதவுகளே பதினெட்டாம்படிக் கருப்பணசாமியின் சந்நிதி. அவற்றுக்கே சந்தனம் சாத்துகிறார்கள். அவற்றின் முன் நின்றே வழக்குத் தீரச் சத்தியம் செய்கிறார்கள். அழகரிடம் போக வேண்டியவர் பக்கத்திலுள்ள வண்டி வாசலைத் தேடிப் போக வேண்டும். இது சுற்றுவட்டாரத்துக் குழந்தைகளும் அறிந்த செய்தி. ஆனால் கோயில் முழுவதையும் ஒரே புள்ளியாகக் குறித்துக் காட்டும் தேசப்படம் இதைச் சொல்வதில்லை. திடகாத்திரமான கால்களை உடையவருக்கு இந்தச் சுற்று ஒரு பொருட்டன்று. சக்கர நாற்காலியில் வருபவருக்கும், ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் பேரனின் தோளுமாக வரும் முதியவருக்கும், அன்றைக்கென்று அவர்கள் சேர்த்து வைத்திருந்த பலத்தில் ஒரு பங்கு அந்தச் சுற்றிலேயே செலவாகிவிடும்.

இன்ன ஊருக்கு இது மார்க்கம் என்று சொல்வதோடு நில்லாமல், இன்னாருக்கு இது உகந்த மார்க்கம் என்றும் சொல்லும் உபகாரம், இணையத்துத் தேசப்படங்களில் தன்னார்வலர்கள் படிகளையும் சரிவுகளையும் வாயில் அகலங்களையும் குறித்துவைக்கும் இந்த நாளில் பிறந்த புதுமை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அழகர்மலையின் சரித்திரத்தை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அழகர்மலையாகிய மாலிருங்குன்றத்துக்கு வழி சொல்லும் மிகப் பழைய விவரங்களுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைக் கடந்து வரும்போது எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையவன், கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை சிவபெருமானின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று தொடங்கி, வலப்புறம் சென்றால் சிறுமலை, இடப்புறம் சென்றால் திருமால்குன்றம், நடுவே சென்றால் ஊர்களும் காடுகளும் மாறிமாறி வரும் வழி என்று மூன்றையும் தனித்தனியே வருணிக்கிறான். இடப்புற வழியில் கழனிகளும் சோலைகளும் உண்டு, கடத்தற்கரிய சுரமும் உண்டு. அதைக் கடந்தால் மலையில் ஒரு பிலம், அதனுள்ளே புண்ணியசரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள், அவற்றில் மூழ்கினால் கிடைக்கும் பேறுகள் இன்னின்ன என்பது அவன் சொல்லும் விவரம். பேறுகளில் விருப்பமில்லையென்றால் திருமாலின் திருவடியை நினைத்துத் தொழுது, அப்படியே மதுரைக்குப் போகலாம் என்றும் அவன் மறவாமல் சேர்க்கிறான். நடுவழியில் ஊறு செய்யாத ஒரு கானுறை தெய்வம் இனிமையாகத் தோன்றி மயக்கிச் செலவைத் தடுக்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. கவுந்தியடிகளோ சமண சமயத்தவர். பொய்கைகளால் தமக்கு ஆவதொன்றுமில்லை என்று மறுத்து, நடுவழியையே தேர்ந்தார். வழி சொன்னவனுடைய மதம் வேறு, கேட்டவருடைய மதம் வேறு. ஆயினும் கேட்டவர் தம் மனம்போல் முடிவு செய்வதற்கு வேண்டிய விவரம் முழுவதும் அவன் சொல்லில் இருந்தது.

இதற்கு முந்தைய நாடுகாண் காதையிலே இன்னும் நுட்பமான ஒரு பகுதி உண்டு. புகாரிலிருந்து சிறிது தூரம் நடப்பதற்குள் கால் நோவக் கண்ணகி, மதுரை மூதூர் யாதென்று கேட்க, கோவலன் ஒரு காதக் கணக்கைச் சொல்லி நகைக்கிறான். தூரத்தை மட்டும் சொன்ன அந்த விடையால் அவளுக்கு என்ன பயன் விளைந்திருக்கும்? கவுந்தியடிகள் அப்படிப் பேசவில்லை. இந்த மெல்லியலாளை அழைத்துக்கொண்டு எந்த வழியே போவது என்று அவர் அடிநிலத்தைப் பார்த்துக்கொண்டே யோசிக்கிறார். சோலை வழியே போகலாமென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும், காலிட்டால் உள்ளே அமிழும். குழிக்கு அஞ்சிக் கீழே பார்த்து நடந்தால் தாழத் தொங்கும் பலாப்பழத்தில் முட்டிக்கொள்ள நேரும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிய பாத்திகளிலே பலாவின் கொட்டைகள் பரலாகி உள்ளங்காலை உறுத்தும். வயல் வழியே போகலாமென்றால், நீர்நாயின் வாய்ப்பட்ட வாளைமீன் துள்ளும், அவள் வெருவுவாள்; கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும், தாகத்தால் அறியாமல் அள்ளிக் குடித்துவிடுவாள்; வாய்க்கால் வரப்பில் நண்டும் நத்தையும் அடிக்கீழ்ப்பட்டு நசுங்கினால், அந்தப் பாவத்தை அறத்தில் நிற்போர் தாங்க இயலாது. இதில் காதக் கணக்கு ஒன்றுகூட இல்லை. குழி, தலைக்கு மேலே தொங்கும் தடை, உறுத்தும் தரை, குடிநீரின் தன்மை, மிரட்டும் திடீர் ஓசை ஆகிய இவையே உள்ளன. சக்கர நாற்காலியில் செல்வோருக்கும், பார்வையற்றோருக்கும், ஓசைக்கு எளிதில் கலங்குவோருக்கும் இன்று ஒரு தன்னார்வலர் குறித்துவைக்க வேண்டிய விஷயங்களின் பட்டியலும் பெரும்பாலும் இதுவே.

வழி காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த ஜனங்களுக்கு இது வியப்பில்லை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்பட்ட மற்றொரு கலைஞனுக்கு வழி காட்டும் ஆற்றுப்படைகளில், பாதையின் சிரமங்களை மிக விரிவாகச் சொல்வது 583 அடிகளை உடைய மலைபடுகடாம். அதைப் பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இரணியமுட்டம் என்பது அழகர்மலையும் ஆனைமலையும் அடங்கிய நாட்டின் பழம்பெயர். இக்கோயிலின் சாசனங்களே திருமாலிருஞ்சோலையைக் கீழிரணியமுட்டத்தில் இருப்பதாகக் குறிக்கின்றன. ஆக, செங்கண்மாவின் நன்னனிடம் போகும் கூத்தருக்கு மலைவழி சொன்னவர், அழகர்மலைச் சாரலின் மேடுபள்ளங்களில் நடந்து வளர்ந்தவர் என்று கொள்வதில் தவறில்லை. பன்றிகளுக்காக வேட்டுவர் கல்லடார் என்னும் பொறி வைத்திருப்பார்கள், ஆதலால் விடிந்தபின் புறப்படுங்கள். குழிகளில் பாம்புகள் ஒடுங்கியிருக்கும், விலகிச் செல்லுங்கள். தினைப்புனம் காப்போர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள். பாசி படிந்த வழுக்குப் பாறையில் அடி நிலைக்காது, பற்றுவதற்கு இன்னது இருக்கிறது என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். இவற்றினும் விசேஷமானது ஒன்றுண்டு. பாதைகள் பிரியும் கவர்த்த இடங்களிலே, அந்நிலத்தை அறியாத புதியவர்கள் சந்தியைத் துடைத்துச் செம்மை செய்து, புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்று அவர் கூறுகிறார். பின்னே வருபவன் யாரென்று முடிபவனுக்குத் தெரியாது. முடிந்தவன் யாரென்று பின்னே வருபவனுக்கும் தெரியாது. கூலியும் பெயரும் இல்லாத இந்தப் புல்முடிச்சைக் காட்டிலும் பழமையான தன்னார்வ வழிக்குறியைப் பற்றிய தமிழ்ச் செய்தி எதையும் நான் படித்ததில்லை.

சொல்லால் செய்த உபகாரம் இப்படியிருக்க, கல்லால் செய்த உபகாரமும் இம்மலைப் பக்கத்தில் குறைவில்லை. கிடாரிப்பட்டிக்கு அருகே அழகர்மலைக் குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளோடு காணப்படும் தமிழ் பிராமி எழுத்துகளில், மதுரைப் பொன்கொல்லன், உப்பு வாணிகன், வெல்லப்பாகு விற்ற பாணித வாணிகன், கொழு வாணிகன், அறுவை வாணிகன் ஆகியோர் குறிக்கப்படுகிறார்கள். அரசர்களின் பெயருக்குப் பதிலாகக் கடைத்தெருக்காரர்களின் பெயர்கள் இருப்பது கவனிக்கத்தக்கது. ஊருக்கு வெளியே மலையில் ஒருவர் முதுகு சாய்வதற்கு வேண்டியதை, ஊருக்குள்ளே தராசு பிடித்தவர்கள் பொருட்படுத்தியிருக்கிறார்கள்.

பிற்காலத்துப் பாதையோரங்களில் எழுந்த சுமைதாங்கிக் கற்களை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். நிறுத்திய இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல் என்பதற்கு மேல் அதில் சிற்ப வேலை ஒன்றுமில்லை. ஆனால் தலைச்சுமையோடு தனியே வரும் ஒருவர், இறக்கிவிடவும் ஏற்றிவிடவும் பிறர் கையை எதிர்பாராமல், நின்ற நிலையிலேயே சுமையைச் சாய்த்து வைப்பதற்கு ஏற்ற உயரத்தில் அது அமைந்திருக்கும். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. கட்டடக் கலைஞர்கள் இன்று பெரிய கிரந்தங்களில் விவாதிக்கும் விஷயம், அதாவது உடலின் அளவிலிருந்து பொருளின் அளவைத் தீர்மானிப்பது, அந்தக் கிராமத்துக் கல்தச்சனுக்குக் கைவந்திருந்தது. 1689 முதல் 1706 வரை மதுரையைப் பரிபாலித்த இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சாலைகளும் சத்திரங்களும் பலரும் அறிந்தவையாதலால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இந்தப் பரம்பரையில் ஓர் இடைமுறிவு ஏற்பட்டது நில அளவையின் காலத்தில் என்று சொல்லலாம். 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோட்டை அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, தெற்கே சமவெளியில் இறங்கியபோது, குன்றில்லாத இடங்களில் கோயில் கோபுரங்களையே ஏறிநின்று பார்க்கும் மேடைகளாகப் பயன்படுத்தியது; 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் பெருங்கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமுற்ற கதை பிரசித்தமானது. அவர்களுடைய கணிதத்தின் நுட்பத்தை மதிக்காமலிருக்க முடியாது. ஆனால் கோபுரத்தின் உச்சியிலிருந்து தேசத்தைப் பார்த்தவர்களுக்கு, அதன் அடியில் நிலைப்படியைத் தாண்ட முடியாமல் நின்றவர் கணக்கில் வரவேண்டிய அவசியம் நேரவில்லை. வரியும் படையும் செல்வதற்கு வேண்டிய தேசப்படம் அது. மலையின் உயரம் அதில் உண்டு, யாரால் ஏற முடியும் என்பது இல்லை. 1868-இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேடும், 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த கெசட்டியரும் இப்பகுதியின் சரித்திரத்துக்கு இன்றியமையாத ஆதாரங்களே. எனினும் நடப்பவனுடைய பாதத்தை அவற்றில் தேடிப் பயனில்லை. அழகர்கோயிலை அங்கே வந்து போகும் ஜனங்களின் பக்கமிருந்து பார்த்து எழுத, தொ. பரமசிவனின் ஆய்வு 1989-இல் நூலாக வெளிவரும் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

தேசப்படத்தில் நடப்பவன் மீண்டும் இடம்பெற்ற விருத்தாந்தம் அண்மைக் காலத்தது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், அரசாங்க அளவையாளரை எதிர்பாராமல், யார் வேண்டுமானாலும் தம் தெருவைத் தாமே வரையலாம் என்ற ஏற்பாட்டைக் கொணர்ந்தது. அதன்மேல் 2010-இல் பெர்லினில் சோசியல்ஹெல்டன் என்ற சங்கத்தார் வீல்மேப் என்பதை அமைத்தார்கள். அச்சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ரவுல் கிரவுத்ஹவுசன் தாமே சக்கர நாற்காலியில் செல்பவர். நண்பர்களோடு சந்திப்பதென்றால், படியில்லையென்று முன்பே தெரிந்த அதே காப்பிக் கடைக்கே எப்போதும் போக வேண்டியிருந்த சலிப்பிலிருந்து அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். முறை மிக எளியது: வாயிலிலும் உள்ளேயும் தடையில்லாத இடத்துக்குப் பச்சை, ஓரளவு செல்லத்தக்கதற்கு ஆரஞ்சு, செல்லவே முடியாததற்குச் சிவப்பு. ஓரளவு என்பதற்கு அவர்கள் வைத்த எல்லை, வாயிலில் ஒரே ஒரு படி, அதுவும் 7 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரம். நம் கணக்கில் அது ஏறக்குறைய நான்கு விரற்கடை. உள்ளங்கையைப் பக்கவாட்டில் நிறுத்தி எவரும் அளந்துவிடலாம். பாதையின் தரை மண்ணா சிமெண்டா கருங்கல்லா, சரிவு எவ்வளவு, நடைமேடை விளிம்பு தாழ்த்தப்பட்டிருக்கிறதா, பார்வையற்றோர் காலால் உணரும் புடைப்பு ஓடுகள் பதிந்திருக்கின்றனவா என்பனவற்றையும் குறிக்கத் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. கூகுள் தேசப்படமும் ஜனங்கள் அளித்த இத்தகைய விவரங்களைத் திரட்டி, 2020 மே மாதத்திலிருந்து சில நாடுகளில் சக்கர நாற்காலிக் குறியோடு முன்னிறுத்திக் காட்டலாயிற்று.

நம் தேசத்தில் சட்டம் முன்னே சென்றது, கட்டடம் பின்தங்கியது. 2011-ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். 2015 டிசம்பர் 3-ஆம் தேதி, அவர்கள் தடையின்றிச் சென்றுவருவதற்கான சுகம்ய பாரத் இயக்கம் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் பழைய பொதுக் கட்டடங்கள் அனைத்தும் அவர்கள் சென்றுவரத் தக்கனவாக வேண்டுமென்றது. அந்தக் கெடு 2022-இல் கழிந்தது. இராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வெறும் வழிகாட்டுதலாக நின்றுவிட்ட விதியைச் செல்லாததாக்கி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு மூன்று மாதம் தந்தது. தேசப்படத் தரவுகளைத் திரட்டுவதில் இருந்த பழைய அனுமதிக் கட்டுகளும் 2021 பிப்ரவரியில்தான் பெரிதும் தளர்ந்தன.

கட்டடம் மாறும்வரை தன்னார்வலரின் குறிப்பு ஒன்றே கதி என்று சிலர் சொல்லும்போது, எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு: படி இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டால், படியை அகற்ற வேண்டியவருக்கு அது ஒரு சமாதானமாக ஆகிவிடாதா? ஆகலாம். ஆயினும் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே உண்மையை அறிவது ஓர் உரிமை. போய்ச் சேர்ந்தபின் வாசலில் அறிவது அவமானம். ஆகவே எழுதத்தான் வேண்டும், ஆனால் எப்படி எழுதுவது என்பதே கேள்வி. மூன்று நிறங்களில் ஒன்றைப் பூசிவிட்டு நகர்வது, பெர்லின் நகரத்துக் காப்பிக் கடைக்குப் போதும், அழகர்கோயிலுக்குப் போதாது. தாண்டிச் செல்ல வேண்டிய கல் நிலைப்படிகளைக் கொண்ட பழைய கோயில் எதுவும் அந்தக் கணக்கில் சிவப்பாகவே நின்றுவிடும்; நின்றுவிட்டால், கோட்டைக்குள் எதுவரை வாகனம் வரும், எந்த மண்டபத்தில் உட்கார்ந்து இளைப்பாறலாம், எந்த வாயிலில் இருவர் கைகொடுத்தால் நாற்காலியை ஏற்றிவிடலாம் என்பவையெல்லாம் அந்த ஒரு நிறத்துக்குள் மறைந்துபோகும். மலைமேல் பழமுதிர்சோலை முருகனையும், அதற்கும் மேலே இராக்காயி அம்மன் சந்நிதியில் நூபுரகங்கைத் தீர்த்தத்தையும் நாடுவோருக்கு மலைச்சாலையில் வாகனம் உண்டு. ஆனால் வாகனத்திலிருந்து இறங்கியபின் எத்தனை படி, அதற்குக் கைப்பிடி உண்டா, ஈரத்தில் வழுக்குமா என்பதை ஏறிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். சரிவுப்பாதை உண்டு என்ற ஒற்றைச் சொல்லும் நம்பத்தக்கதன்று. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற விகிதத்தில் அமையாத சரிவில், நாற்காலியில் இருப்பவர் தாமே ஏறுவது துர்லபம். தள்ளிவிட ஆள் இருப்பவருக்கு அது வழி, இல்லாதவருக்கு அது சுவர்.

எனவே குறிப்பவர் தம் கால்களின் அனுபவத்தைப் பிறர்க்கும் பொதுவென்று எண்ணிவிடாமல், சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவரையும் வெண்கோல் பிடித்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வதும், தீர்ப்பை எழுதாமல் அளவை எழுதுவதும் நலம். படியின் உயரமும் வாயிலின் அகலமும் தெரிந்தால், அது தமக்கு ஆகுமா ஆகாதா என்பதை வருகிறவர் தாமே தீர்மானித்துக்கொள்வார்.

இவை எல்லாவற்றுக்கும் கடினமான பரீட்சை சித்திரைத் திருவிழா. திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்பு அழகர் சோழவந்தான் பக்கத்துத் தேனூருக்கு எழுந்தருளினார் என்பதும், நாயக்கரே அதை மதுரைக்கு மாற்றி மீனாட்சி கல்யாணத்தோடு இணைத்தார் என்பதும் மரபு. கள்ளர் திருக்கோலத்தில் மலையைவிட்டுப் புறப்படும் பெருமாள், பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி வழியாக, நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வந்து, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, தல்லாகுளத்தில் தங்கி, பௌர்ணமியன்று வைகையில் இறங்குகிறார். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தலும் நீர்மோரும் அன்னதானமும் கேட்காமலே கிடைக்கும்; அந்த நாட்களில் மதுரையின் ஈகைக்கு ஈடு சொல்ல இயலாது. அழகர் இந்த நேரத்தில் எந்த மண்டகப்படியில் இருக்கிறார் என்பதைக் கைப்பேசியில் பார்க்கும் வசதியைக்கூட அண்மை ஆண்டுகளில் காவல்துறை செய்து தந்தது. எனினும் 2022 ஏப்ரல் 16-ஆம் தேதி வைகைக் கரையின் நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள்.

அழகர் நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. அவரைக் காண வருபவர் நிற்கத்தக்க இடம் எது என்பதே இனிக் குறிக்கப்பட வேண்டியது. எந்த மண்டகப்படியின் முன் மணல் கொட்டியிருக்கிறது, எந்தத் தெருமுனையில் தடுப்புக் கட்டை எந்த நாழிகையில் விழும், எந்தப் பந்தலின் கயிறு கழுத்தளவில் குறுக்கே செல்கிறது, எந்த வீட்டுத் திண்ணையில் முதியவர்களை உட்கார விடுவார்கள், சக்கரம் செல்லத்தக்க கழிப்பிடம் எங்கே என்பன அந்த நான்கைந்து நாட்களுக்கு மட்டுமே உண்மையாயிருந்து, பந்தல் பிரித்ததும் பொய்யாகிவிடும் விவரங்கள். ஆண்டுதோறும் அவற்றைப் புதிதாகவே திரட்ட வேண்டும். அதற்குரிய ஆட்களை வெளியே தேட வேண்டியதில்லை. கோடையின் முதல் வாரத்திலேயே பந்தற்கால் நடுவதற்குக் குழி தோண்டும் தெருப்பிள்ளைகளுக்கு, இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரியும்.